ஏழு மாத கரண்ட் பில்

கையிலிருந்த டோக்கன் எண்பத்தாறு. பலகையில் எழுபத்தொன்பது.

மின்சார அலுவலகத்தை நான்கு மணிக்கு மூடிவிடுவார்கள். எதிர்ச் சாரியில் இருக்கும் குடியேற்ற அலுவலகத்தை ஐந்து மணிக்கு. இந்த வெளிநாட்டில் வேலை பார்க்க டீச்சருக்குத் தந்த அனுமதி அட்டைக்கு இன்று மாலையோடு ஆயுள் முடிகிறது.

அதைப் புதுப்பிக்க அவர்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இந்த முகவரியில்தான் குடியிருக்கிறாள் என்பதற்குக் கடைசி மூன்று மாத கரண்ட் பில், தபாலில் வந்த உறையோடு.

ஏழு மாதமாக அந்தப் பில்தான் வரவில்லை.

பணம் வங்கியிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது, வெந்நீர் வந்தது. எரிகிற விளக்குக்குப் பில் எங்கே என்று யார் தேடுவார்கள்? கழுத்துக்குக் கத்தி வந்த பிறகுதான் தேடினாள்.

வீட்டுக்காரர், கரண்ட் இருக்கிறதல்லவா, பிறகென்ன என்று சொல்லி போனை வைத்துவிட்டார். மின்சார அலுவலகத்துக்கு போன் செய்ததில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம். தலைமையாசிரியை நல்லவள். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள், அட்டை இல்லாமல் நாளைக்கு வகுப்புக்குள் விடமுடியாது என்று.

எண்பத்திரண்டு.

இந்த வேலைக்காகத்தான் அப்பா இறந்தபோதுகூட டீச்சர் ஊருக்குப் போகவில்லை. முதல் வருடம் முடியுமுன் நாட்டைவிட்டு வெளியே போனால் அட்டை செல்லாது. பெற்ற மகள் போய் நிற்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போய் ஏழாம் வாய்ப்பாடு நடத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோவோம் என்று பயம்.

அப்படிக் காப்பாற்றிய வேலை மூன்று காகிதத்துக்காகப் போகப்போகிறது. அதை நினைத்தால்தான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே மனிதர் குடியிருப்பின் காவலாளி. பழையவர் போய் இவர் வந்து அப்போது இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. அப்பா போன மூன்றாம் நாள் காலை கதவைத் தட்டினார். கையில் ஒரு வெள்ளை உறை. அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாக உடைத்துச் சொல்லி, அவர் எங்கே என்று கேட்டார்.

இறந்துவிட்டார் என்று சொல்லுமளவுக்கு அவளுக்கு அந்த மொழி வந்திருந்தது.

அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூன்று நாளில் அதுதான் முதல் அழுகை. அவர் உறையைக் கொடுக்காமலே படியிறங்கிப் போனார். இரங்கல் அட்டையாக இருக்கும், கொடுக்கக் கூச்சப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். பெயர் எப்படித் தெரிந்தது என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை. கண்காணாத ஊரில் ஒருத்தர் அப்பாவைப் பேர் சொல்லி விசாரித்தாரே, அது போதும்.

நேற்றுகூட அவளுக்காகத் தபால் பெட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவியவர் அவர்தான். டீச்சருக்கு ஒன்றும் வரவில்லை என்று வருத்தத்தோடு தலையாட்டினார்.

எண்பத்தாறு. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

கவுன்டர்க்காரி அவள் பெயரைக் கணினியில் தட்டினாள். அப்படி யாரும் இல்லை. டீச்சர் பாஸ்போர்ட்டை நீட்டினாள். பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்த கவுன்டர்க்காரி, கடைசியில் இருந்த பெயரைத் தட்டினாள்.

நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? பெயருக்குப் பின்னால் நிற்பவர் அப்பாதான். மின் இணைப்பு வாங்கிய அன்று படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் டீச்சர் அவரைத்தான் எழுதியிருந்தாள்.

உள்ளே போன கவுன்டர்க்காரி ரப்பர் வளையம் போட்ட ஏழு உறைகளோடு வந்தாள். எதுவும் பிரிக்கப்படவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

“இவரு தவறிட்டாருன்னு எல்லாமே திரும்பி வந்திருக்கும்மா. உங்களுக்கு இவரு என்ன வேணும்?”

“அப்பா.”

மேல் உறையில் நீல மையில் ஒரே ஒரு சொல். காலமானார். லிஃப்ட் பழுது என்று காவலாளி வாசலில் எழுதி ஒட்டும் அதே உருண்டைக் கையெழுத்து.

ஆக, அவர் துக்கம் விசாரிக்க வரவில்லை. தபால் யாருடையது என்று கேட்க வந்திருக்கிறார். அப்பாவைப் பற்றிக் கேட்ட ஒரே ஆளும் கரண்ட் பில்லுக்காகத்தான் கேட்டார்.

அந்தப் பெயரில் இருப்பது நான்தான் என்று தெரிந்த மொழியில் எப்படியோ புரியவைத்தாள். கவுன்டர்க்காரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தைத் தள்ளினாள். மேலே அப்பாவின் பெயர். கீழே இரண்டு கட்டம். உயிருடன் இருக்கிறார், இல்லை. முதலாவது என்றால் உறைகள் இப்போதே கிடைக்கும். இரண்டாவது என்றால் பதினைந்து நாள் ஆகும்.

வாடிக்கையாளர் அவள்தான். அதனால் பொய்யில்லை. ஆனாலும் பேனா நகரவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு முதல் கட்டத்தில் குறியிட்டாள்.

வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றாள். காலமானார் என்று எழுதிய உறைகளைக் காட்டித்தான், இங்கே குடியிருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வளையத்தைக் கழற்றிக் கடைசி மூன்றைத் தனியே பிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அந்த முதல் உறை. அதில் மட்டும் அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

மகள் தாங்கமாட்டாள். இந்தப் பெயரை எழுதி இனி எதுவும் அனுப்ப வேண்டாம்.