தொங்குமேடை ஜோடி

ஒல்லி கதவைத் திறந்ததும் அறைக்குள் பேச்சு அறுந்தது. எல்லோரும் டீக் குவளைகளுக்குள் எதையோ தேடினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு மேல போக வேணாம்," என்றார் மேஸ்திரி. "வாளியெல்லாம் கழுவி வைங்க, போதும்."

உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைக்கிறவர்கள் அவர்கள். தொங்குமேடையில் இருவராகத்தான் ஏற வேண்டும். ஒருவர் பெல்ட்டை மற்றவர் இழுத்துப் பார்த்துப் பூட்ட வேண்டும். ஒருவரை இறக்கினால் ஜோடியும் இறங்க வேண்டியதுதான்.

ஒல்லியின் பெல்ட் வழக்கமான ஆணியில் தொங்கியது. பக்கத்தில் ஜோடியின் பெல்ட் தொங்கும் ஆணி காலி. அவன் எதையும் தொடவில்லை. விஷயம் புரிந்துவிட்டது.

நேற்று மேடையில் ஜோடியிடம் மட்டும் சொன்னான். "வாழவே பிடிக்கல மாமா. விடிஞ்சாலே பயமா இருக்கு." அவர் பாட்டுக்காரர், மேலே போனால் வாய் ஓயாது. நேற்று அதற்கப்புறம் ஒரு வரி பாடவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் மட்டும் செய்தார்.

இப்போது அதே மனிதர் கூட்டத்துக்கு நடுவில். தோளில் யார் யாரோ கை போட்டிருந்தார்கள்.

ஒல்லி அவரை வெளியே இழுத்து வந்தான்.

"உங்களை நம்பித்தானே வாயைத் திறந்தேன்? தமுக்கடிச்சிட்டீங்களே, பைத்தியம்னு!"

"யாருடா பைத்தியம்னு சொன்னா?"

"சொல்லணுமா? மேஸ்திரி மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. இனி எவன் என்கூட ஏறுவான்? என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க."

"அப்படி யாரும் நினைக்கலடா. டாக்டரைப் பாக்கலாம்னாங்க. மேஸ்திரியே கூட வர்றேன்னாரு. வாரம் ஒருக்கா எல்லாரும் உக்காந்து மனசு விட்டுப் பேசணும்னு..."

"என் மானத்தை வித்துக் கூட்டம் போடுறீங்களா? நேத்து ஒரு வார்த்தை ஆறுதலா சொல்லத் துப்பில்ல. இன்னைக்கு ஊரைக் கூட்டிக் கதை!"

பாட்டுக்காரர் சுவரில் சாய்ந்தார்.

"நேத்து எனக்கு வாய் வரலடா. சத்தியம் பண்ணிட்டு உன் பேரை எடுப்பேனா?"

"பின்னே யாரைப் பத்திச் சொன்னீங்க?"

"என்னைப் பத்தி, மாப்ள."