அடுத்த முத்துக்குளிப்பு வரை

"மூணு மாசமா டூரிஸ்ட்டா இருக்கியளே அண்ணாச்சி, இங்கன என்னதான் பாத்திய?" என்று கேட்டார் சிவனணைந்தபெருமாள்.

"ஒண்ணும் பாக்கல சார். பாக்கணும்னு தோணவும் இல்ல" என்றார் இனிகோ.

துறைமுகத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஆபீஸில் வெளிநாட்டுக்காரர்களின் காகிதங்களைக் கவனிப்பதுதான் சிவனணைந்தபெருமாளின் உத்தியோகம். பெரும்பாலும் கப்பல் மாலுமிகள்தான் வருவார்கள். இனிகோ வேறு ரகம். தூத்துக்குடியிலேயே பிறந்து, இருபது வயதில் பினாங்குக்குக் கப்பலேறி, அங்கே ஹார்பரில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து, மலேசியக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். காமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் அப்போதெல்லாம் விசா இல்லாமல் மூன்று மாதம் தங்கலாம். தாயில்லாத தன்னை வளர்த்த அக்கா பிலோமினாவைப் பார்க்க வந்திருந்தார். அந்த மூன்று மாதம் அடுத்த வார வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

தங்கலை நீட்டிக்கக் கொடுத்த மனுவில், காரணம் என்ற இடத்தில், 'அக்கா வீட்டில் சும்மா இருத்தல்' என்று எழுதியிருந்தார்.

"இதப் பாத்தா மேல உள்ளவன் கிழிச்சிப் போட்டுருவானே" என்றார் சிவனணைந்தபெருமாள்.

"சட்டம் சட்டம்தான் சார். எனக்காக வளைக்க வேண்டாம். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுத்திருங்க."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிலோமினா அம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விதவை. பிள்ளைகள் கிடையாது. தம்பியை எங்கேயும் தனியே விடுவதில்லை.

சிவனணைந்தபெருமாளுக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவர். ஊர் மண்ணை மறுபடி மிதிக்காமலே அங்கே செத்துப்போனார். இந்த மனிதருக்கு அப்படி ஆகக் கூடாது என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகைக் காரைப் பிடித்து அக்கா, தம்பி இருவரையும் அவரே ஏற்றிக்கொண்டார். டூரிஸ்ட் என்றால் நாலு இடம் பார்த்ததாகக் கணக்கு வேண்டாமா? முதலில் கொற்கை. பாண்டியர் காலத்துத் துறைமுகம் என்று சொன்னதற்கு, வாழைத் தோட்டத்து நடுவில் நின்றுகொண்டு, கடல் எங்கே என்று கேட்டார் இனிகோ. அது அந்தக் காலத்திலேயே விலகிப் போய்விட்டது என்று இவர் விளக்கினார்.

"கடலுக்கே போவ முடிஞ்சிருக்கு" என்று இனிகோ பெருமூச்சு விட்டார்.

அடுத்து கயத்தாறு. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடத்தில் இனிகோ வெகுநேரம் நின்றார். கழுத்தைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. என்ன ஒரு தேசபக்தி என்று எண்ணிய சிவனணைந்தபெருமாள் மறுநாளே ஃபைலில் நான்கு பக்கம் எழுதினார். மூன்று மாதம் நீட்டிப்புக் கிடைத்தது.

அதுவும் முடிந்தபோது, இனிகோ கெடு தாண்டிப் பதினோரு நாள் கழித்து வந்தார். போட்டோ கொண்டுவரவில்லை. மனுவில் மை கொட்டியிருந்தது. கையெழுத்தைத் தப்பான இடத்தில் போட்டிருந்தார். சட்டப்படி அப்போதே திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் சிவனணைந்தபெருமாள் தன் கைக்காசில் போட்டோ எடுக்க வைத்து, தாமதத்துக்கு வயிற்றுப்போக்கு என்று காரணம் எழுதி, புது மனுவைத் தானே நிரப்பினார்.

இந்த முறை பெரிய காரணமாக வேண்டும். யோசித்து யோசித்து, 'முத்துக்குளிப்பைக் கண்ணால் காண விரும்புகிறார்' என்று எழுதினார்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. சிப்பி எப்போது விளையும் என்று சொல்ல முடியாது என மீன்துறையிலிருந்து பதில் வந்தது. சிவனணைந்தபெருமாள் அந்தப் பதிலையும் ஃபைலில் சேர்த்தார். லீவு போட்டு இரண்டு முறை மெட்ராஸுக்குப் போய் மேலதிகாரிகளைக் கண்டு மன்றாடினார். டெல்லிக்கு மூன்று தந்தி அடித்தார். கடைசியில் ஆர்டர் வந்தேவிட்டது.

அதைத் தபாலில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இனிப்புக்குக் கால் கிலோ மக்ரூனும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கே போய், இருவர் முன்னாலும் நின்று வாசித்தார்: "அடுத்த முத்துக்குளிப்பு நடந்து முடியும் வரை மனுதாரர் இந்தியாவில் தங்கலாம்."

இனிகோ அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிலோமினா அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, வாயில் சேலையைப் பொத்தியபடி அடுக்களைக்குள் போய்விட்டார். இந்த உத்தியோகத்தில் இப்படி ஒரு நாள் போதும் என்று சிவனணைந்தபெருமாளுக்கு இருந்தது.

வெளியே வந்தவரை வாசல் கேட்டில் இனிகோ பிடித்துக்கொண்டார். இருவரும் தனியாகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"சார், பினாங்குல எம் பெஞ்சாதி பதினோரு காயிதம் போட்டுட்டா. வளத்த அக்காட்ட, போறேன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. கவர்மெண்டு வெரட்டி விட்டுரும்னு நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட வந்தேன்."

சிவனணைந்தபெருமாள் கேட்டை மறுபடி திறந்தார். தான் செய்த காரியத்துக்குத் தானே பரிகாரம் தேட வேண்டும். அந்த அம்மாளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்று, இனிகோவை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே திரும்பினார்.

அடுக்களையில் பிலோமினா அம்மாள் அழுதுகொண்டிருந்தார். இவரைக் கண்டதும் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, தம்பி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சார் இப்பிடிப் பண்ணிட்டிய? நான் வளத்த புள்ளைய, கெளம்பிப் போன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்? சர்க்காரு அனுப்பிரும்னுதான இத்தன மாசமும் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."