வாய்விட்டுச் சொல்லணும் சார்

"பிள்ளைங்களை முதல்ல கொல்லு. ஒண்ணையும் விடாதே. அப்புறம் அப்பனைக் கொல்லு. அவசரப்பட்டு அப்பனை முதல்ல கொன்னுட்டா, பிள்ளைங்க அநாதையா சுத்திக்கிட்டே இருக்கும்."

போனில் அவள் இதைச் சொன்ன அன்றுதான் வினை வந்தது. அது இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவான பெரிய ஹால். நடுவில் தோள் உயரத் தடுப்பு. அந்தப் பக்கம் குழந்தைகள் புத்தகம் போடும் கம்பெனி. அதன் மேனேஜருக்கு வேலையில் இல்லாத கூர்மை காதில் இருந்தது.

இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் பராமரிக்கும் கம்பெனி. சர்வர் என்னும் பெரிய கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் அவளை எல்லோரும் சர்வரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பேச்சில் கொலையும் இல்லை, கத்தியும் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு வேலை தனக்குக் கீழே குட்டி வேலைகளைக் கிளப்பிவிடும். மேலே இருப்பது அப்பன், கீழே இருப்பவை பிள்ளைகள். சிக்கிக்கொண்டதை நிறுத்துவதற்கு அந்தத் தொழிலில் கொல்வது என்று பெயர். கொன்றுவிட்டால் அதே வேலையை மறுபடி புதிதாக ஓடவிடலாம்.

மேனேஜரிடம் விளக்கிப் பார்த்தாள். கேட்டால்தானே! நேராக அவளுடைய முதலாளியின் அறை வாசலில் போய் நின்று, ஹாலே கேட்கும்படி கத்தினார்.

"குழந்தை பெத்தவ பேசுற பேச்சா சார் இது? வீட்டுல அந்தப் புள்ள இவகிட்ட என்ன பாடு படுதோ! தொழில் வார்த்தையாம், பெரிய தொழில் வார்த்தை! இனிமே அது இவ வாயில வரவே கூடாது."

"அப்போ ஒரு வேலையை நிறுத்தணும்னா யார் சார் சொல்றது?" என்று அவள் கேட்டாள்.

"யாரோட வேலையோ அவங்களே வாய்விட்டுச் சொல்லட்டும்! நீ வாயை மூடிக்கிட்டு பட்டனைத் தட்டு."

முதலாளிக்கு வம்பு என்றால் ஆகாது. அதையே சட்டமாக்கிவிட்டார். அவளுக்கு வரவிருந்த டீம் லீடர் பதவியையும், "பேச்சு கொஞ்சம் திருந்தட்டும், பாக்கலாம்மா" என்று நிறுத்திவைத்தார்.

அத்தோடு விட்டார்களா? கழிப்பறை ஓரத்து மூலைக்கு அவளைத் தள்ளினார்கள். அங்கே இரண்டு கம்பெனிகளுக்கும் பொதுவான பிரிண்டர் இருக்கும் மேசைதான் கிடைத்தது. பிரிண்டர் ஓடினால் மேசை ஆடும், கோப்பையில் காபி தளும்பும். தடுப்புக்கு மேலே யாராவது எட்டிப் பார்த்தால் அவள் தலை மட்டும் தெரியும்.

பதவியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் மகளுக்குத் தலை பின்னும்போதெல்லாம் 'பெத்தவ பேசுற பேச்சா' என்பது காதில் ஒலித்தது. இருடா, உனக்கு இருக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. புத்தகக் கம்பெனியில் ஓவியப் போட்டிக்குப் பரிசளிப்பு. பிள்ளைகளும் பெற்றோரும் அந்தப் பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, கம்பெனியின் முதலாளியம்மா மைக்கோடு காத்திருந்தார். சான்றிதழ்கள் மட்டும் வந்தபாடில்லை.

தடுப்புக்கு மேலே மேனேஜரின் வேர்த்த முகம் எட்டிப் பார்த்தது. "ஏம்மா, சர்டிபிகேட் எல்லாம் சிக்கிக்கிச்சும்மா. சட்டுனு ஏதாவது பண்ணும்மா!"

அடேயப்பா, வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா'! அவள் திரையைப் பார்த்தாள். சான்றிதழுக்கு ஒன்றாக அத்தனை பிள்ளைகளும் அப்பனோடு சிக்கிக் கிடந்தன. விரல்கள் விசைப்பலகையில் கொஞ்சம் ஓடின. பிறகு, தளும்பிய காபியை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"சட்டம் தெரியும்ல சார்? இது உங்க வேலை. நீங்கதான் வாய்விட்டுச் சொல்லணும்."

"என்னன்னு சொல்லணும்?"

"அதை நான் சொல்லக் கூடாதே சார். அன்னைக்கு என் வாயில வந்ததுதான்."

மேனேஜர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "பிள்ளைங்களை... கொல்லு" என்று தடுப்போடு முனகினார்.

"கேக்கல சார். மூலையில இருக்கேன்ல? பிள்ளைங்க சத்தம் வேற."

"இன்னும் எவ்ளோ நேரம்யா?" என்று முதலாளியம்மா மைக்கிலேயே கேட்டுவிட்டார்.

மேனேஜர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பிள்ளைங்களை எல்லாம் கொல்லு! ஒண்ணையும் விடாதே! அப்புறம் அப்பனையும் கொல்லு!"

ஒரு சின்னப் பெண் வீலென்று அலறினாள். அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். ஓர் அப்பா சட்டைக் கையை மடித்தபடி எழுந்தார்.

"குழந்தைங்களுக்குப் புத்தகம் போடுற எடத்துல என்ன பேச்சுய்யா இது?" முதலாளியம்மாவின் குரல் நடுங்கியது.

"ஐயோ மேடம், அது தொழில் வார்த்தை மேடம்! கம்ப்யூட்டர் வேலையில எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. அதுல தப்பே இல்ல மேடம், சத்தியமா!"

சத்தம் கேட்டு அவளுடைய முதலாளியும் வெளியே வந்திருந்தார். "அப்படியா சார்? அப்போ எங்க பொண்ணு மேல புகார் சொன்னீங்களே, அது?"

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது... என் தப்புதான் சார். அவங்க சரியாத்தான் பேசியிருக்காங்க."

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கே உன் பழைய எடத்துக்கு வந்துடும்மா. டீம் லீடரா வா."

அவள் தலையாட்டினாள். அன்றுதான் அவளுக்கு மனசு குளிர்ந்தது.

"அதான் எல்லார் முன்னாடியும் கத்திட்டேனேம்மா! இப்பவாவது பட்டனைத் தட்டேன்" என்று மேனேஜர் கெஞ்சினார்.

அவள் குனிந்து, பிரிண்டர் தட்டில் சூடாகக் கிடந்த சான்றிதழ்களை அள்ளி எடுத்து நீட்டினாள்.

"நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தட்டிட்டேன் சார்."