பழையதையே மாட்டுங்க

மலேசியாவின் ஈப்போவில் கார் பட்டறை வைத்திருக்கும், எல்லோரும் ‘தவுக்கே’, அதாவது முதலாளி, என்று கூப்பிடும் கோக் வாவின் முகம் சுருங்கிவிட்டது. முந்தாநாள்தான் நோராயினியின் முப்பது வருடப் பழைய டர்போ காரில், காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் பெரிய ஒன்றைப் பொருத்தியிருந்தார். இன்று அவள் பழையதையே திரும்ப மாட்டச் சொன்னாள்.

“என் வேலையில என்னம்மா குறை?”

“குறையே இல்ல, தவுக்கே. வண்டி பூப்போல ஓடுது.”

“பின்ன என்ன? பழசு இருந்தப்ப வண்டி தெருவே கேக்குற மாதிரி இருமும், குலுங்கும். அதை மாத்தணும்னு உங்கப்பா எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாரு.”

“அவருக்காகத்தான் மாத்தினேன். நேத்து அவருக்குப் பிறந்தநாள்.”

“கொண்டுபோய்க் காட்டினியா? என்ன சொன்னாரு?”

அவள் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவுக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியறதில்ல, தவுக்கே. அந்தச் சத்தம் வாசல்ல கேட்டா மட்டும், ‘என் பொண்ணு வந்துட்டா’ன்னு எழுந்து உக்காருவாரு. நேத்து நான் சத்தமில்லாம போய் இறங்கினேன். ராத்திரி வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். ‘என் பொண்ணு இன்னும் வரலியே, வழியில பாத்தீங்களா’ன்னு என்கிட்டயே கேட்டுக்கிட்டு இருந்தாரு.”