நூற்றுக்கு எழுபத்து மூன்று

“நூத்துக்கு எழுபத்திமூணு, அக்கா” என்றான் தம்பி.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டாக்டரின் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தான். அம்மாவின் வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிய ஆரம்பித்திருந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் கத்தி வைத்தாக வேண்டும்.

“எதுடா எழுபத்திமூணு?”

“அம்மா பிழைக்கிறதுக்கு.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பெத்தவளுக்கு மார்க் போடறியா? ‘ஒண்ணும் ஆகாதுக்கா, தைரியமா இரு’ன்னு சொல்ல உனக்கு வாய் வராதா?”

“ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுதானே அக்கா திமிர்?”

திமிர் பிடித்தவன் என்பது அவனைப் பற்றிக் குடும்பம் ஏகமனதாகச் சொல்லிவைத்த தீர்ப்பு. பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற வேலை அவனுக்கு. வீட்டிலும் அதே புத்திதான். பத்து மணிக்கு வா என்றால், “பத்துக்கு முடியாது, பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு வரேன்” என்பான். சொன்னபடி வந்தும் தொலைப்பான்.

சித்தப்பா புது வீடு கட்டி, “நூறு வருஷம் அசையாம நிக்கும்” என்று மார்தட்டியபோது, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அறுபது” என்றான். சித்தப்பா அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் ‘தசமம்’.

“இன்னைக்காவது மனுஷனா இருப்பேன்னு நினைச்சேன்” என்றாள் அக்கா. குரல் உடைந்துவிட்டது. “உனக்கெல்லாம் அம்மாவும் ஒண்ணு, பாலமும் ஒண்ணு.”

“விடு, அவன் சுபாவம் தெரிஞ்சதுதானே” என்று அவள் கணவர் சமாதானம் சொன்னார். சொல்லும்போது அவரும் மைத்துனனை முறைக்கத்தான் செய்தார்.

தம்பி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான்.

நர்ஸ் வந்தார். “ஒருத்தர் மட்டும் உள்ள போய்ப் பாக்கலாம். ரெண்டே நிமிஷம். அவங்க முன்னாடி அழுதுடாதீங்க. அவங்க பயந்து பிரஷர் ஏறிச்சுன்னா ஆபத்து.”

“நீ போ அக்கா.”

“நானா? என் மூஞ்சியைப் பாத்தாலே அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சிடும்டா.”

“தெரிஞ்சா என்ன? எழுபத்திமூணு நல்ல நம்பர்தானே. போ.”

திட்டிக்கொண்டேதான் போனாள். ஆனால் நாலு எட்டு வைப்பதற்குள் அந்த எண் உள்ளே வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இவன் யாருக்காகவும் ஒரு புள்ளி கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. சித்தப்பாவின் மனசு நோகுமே என்று ஒரு வருஷம்கூடக் கூட்டாதவன். இவன் எழுபத்திமூன்று என்றால் எழுபத்திமூன்றுதான். அதுவரை துவண்டிருந்த கால்கள் நேராக நடந்தன.

அம்மா கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். “மறைக்காம சொல்லு. டாக்டர் என்ன சொன்னாங்க?”

“நூத்துக்கு எழுபத்திமூணாம்மா.”

“யார் சொன்னா?”

“வேற யாரு, உன் பிள்ளைதான்.”

அம்மா மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அதில் பொய் இல்லை. அந்த வலியிலும் சிரித்துவிட்டாள்.

“அவன் சொன்னானா? அப்ப சரி. மத்தவங்க சொன்னா பாதியைக் கழிச்சுக்கணும்.”

கம்பியிலிருந்து கையை எடுத்து, மகளின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். அப்படியே அம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஐந்து மணி நேரம். அக்கா தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. போனில் கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம், “எழுபத்திமூணு சொல்லியிருக்காங்க, பயமில்லை” என்று அவளே தைரியம் சொன்னாள். கணவர் வாங்கி வந்த டீயைக்கூடக் குடித்தாள். தம்பி மட்டும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஜன்னலோரம் நின்றான். அதையும் அவள் திமிர்க் கணக்கில்தான் சேர்த்தாள்.

மத்தியானம் கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கினார்.

“பிழைச்சுட்டாங்க.”

அக்கா கணவரின் தோளில் சாய்ந்து அழுதாள். டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அலுப்பு.

“இப்ப சொல்றதுக்கு என்ன, எனக்கே நம்பிக்கை இல்லை. இருபதுக்கு மேல வாய்ப்பில்லைன்னு காலையிலேயே உங்க தம்பிகிட்ட சொல்லிட்டேன். ‘அக்காகிட்ட நான் பேசிக்கறேன், நீங்க சொல்லாதீங்க’ன்னார். ஆனா உங்கம்மா பயமே இல்லாம வந்தாங்க. மயக்க மருந்து குடுக்கிற வரைக்கும் பிரஷர் ஏறவே இல்லை. ஏறியிருந்தா மேஜை வரைக்கும்கூட வந்திருக்க மாட்டாங்க.”

அக்கா மெதுவாகத் திரும்பினாள். தம்பி ஜன்னலோரம் நிற்கவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தான். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “இருபதாடா? அதை வெச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் தனியா நின்னே? அப்புறம் எங்கிருந்துடா வந்துது எழுபத்திமூணு?”

“முழுசா எண்பதுன்னு சொல்லியிருந்தா” என்றான், மூக்கை உறிஞ்சியபடி, “ஆறுதலுக்குச் சொல்றேன்னு நீ கண்டுபிடிச்சிருப்பே, அக்கா.”