மல்கோவாவில் ஏது நார்?

“மல்கோவாவுல ஏது கண்ணு நாரு? ரண்டு சுத்து சுத்துனா வெண்ணெயாட்டம் வந்துரும். உங்க மாமியா அத்தனை நேரம் மிக்ஸியை ஓட்டறது எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?”

கிணற்றடியில் பக்கத்து வீட்டுச் சுப்பாத்தாள் கேட்டாள். பூவாத்தாள் குடத்தைக் கழுவுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

“வடகரப்பதியில மொத மிக்ஸி எங்க ஊட்டுலதான்னு ஊரே கேக்கோணும். அதான். மருமக புள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கறா. அந்தம்மாளுக்குத் தெனமும் மாம்பழப் பாலு கேக்குது.”

பூவாத்தாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவளுக்கும் மனதில் அதுதான் ஓடியது.

தை மாதம் குழந்தை பிறந்தது. கண் திறக்காமலே போய்விட்டது. தீட்டுக் கழிந்த அன்றே மாமனார் பொங்கியண்ணன் சொல்லிவிட்டார்.

“போனது போச்சு. இனி இந்த ஊட்டுல அழுகைச் சத்தம் கேக்கப்படாது. அடுத்தது நல்லபடியா வரோணுமில்ல?”

மாமியார் நாச்சம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பூவாத்தாளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

சித்திரையில் பூவாத்தாளின் புருஷன் சென்னிமலை, கோயமுத்தூரிலிருந்து மிக்ஸி வாங்கி வந்தான். “பூவாத்தா கை வலிக்க அரைக்க வேண்டாமே, அம்மா” என்றான். ஆனால் அதைத் தொட நாச்சம்மாள் யாரையும் விடவில்லை. தோட்டத்து மல்கோவா பழுக்கத் தொடங்கியதும் தினமும் மத்தியானம் மாம்பழப் பால்தான்.

அந்த நேரத்தில் ஊரே மயங்கிக் கிடக்கும். கணவாய்க் காற்று தென்னை ஓலையைத் தடவிக்கொண்டு மெதுவாக வரும். முன்கட்டில் பொங்கியண்ணன் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடியிருப்பார். கன்றுக்குட்டிகூடக் கத்தாது.

நாச்சம்மாள் பழத்தைத் தோல் சீவித் துண்டு போடுவாள். காலையில் காய்ச்சிய பாலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஆற்றியிருப்பாள். மேலே படிந்த கெட்டி ஆடையை அப்படியே வழித்து மிக்ஸிக்குள் போடுவாள். கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, ஒரு ஏலக்காய்.

மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொல்வாள்.

“நீ போயி நாளைக்குப் பழம் பாத்து வெய்யி. அவசரமில்ல. நெதானமாப் பாரு.”

பிறகு மிக்ஸி அலறும்.

கொல்லைப் பக்கம் நெல் கொட்டி வைக்கும் பத்தாய அறை. அங்கேதான் வைக்கோலுக்குள் மாங்காய் பழுத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் அரை இருட்டு. ஓட்டுச் சந்தில் விழும் ஒரு கீற்று வெயிலில் தூசி மிதக்கும். மாம்பழ வாசனையில் தலை லேசாகக் கிறங்கும். நடப்பதெல்லாம் தூக்கத்தில் நடப்பது போல இருக்கும்.

வைக்கோலை விலக்கி ஒரு பழத்தை எடுப்பாள். இரண்டு கைக்குள் உருண்டையாக, வெதுவெதுப்பாக, கனமாக அடங்கும்.

அதற்கு மேல் பூவாத்தாளால் தாங்க முடியாது.

பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய் விட்டு அழுவாள். அம்மா வீட்டிலும் அழ முடியவில்லை, புருஷன் தோளிலும் அழ முடியவில்லை. மிக்ஸியின் அலறலில் மட்டும் அந்த அழுகை யாருக்கும் கேட்காமல் கரைந்து போகும். நல்லவேளை, மாமியாருக்குப் பவுசு காட்டும் ஆசை என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஆசை இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும்.

அழுது ஓய்ந்து, கொல்லைத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டு வரும்போதுதான் மிக்ஸி நிற்கும். பித்தளை டம்ளரில் மஞ்சளாக, கெட்டியாக, நுரை தளும்ப மாம்பழப் பால் காத்திருக்கும். நாச்சம்மாள் டம்ளரை அவள் பக்கம் நகர்த்துவாள். முகத்தைப் பார்க்க மாட்டாள்.

‘இப்படியும் ஒரு கல்நெஞ்சா?’ என்று நினைத்தபடி பூவாத்தாள் குடிப்பாள். தொண்டையில் இறங்கும் குளிர்ச்சியில் கண் சொக்கும். அன்றைய பாக்கிப் பொழுதை எப்படியோ தாண்டிவிடலாம்.

இன்றைக்கும் அப்படித்தான் போனாள். மிக்ஸி ஓடியது. பழம் மடியில் இருந்தது. அழுகை பொங்கி வந்த நேரம், கரண்ட் போய்விட்டது.

வீடு சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் பூவாத்தாளின் விம்மல் மட்டும் தனியாக எழுந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்கட்டில் கட்டில் கிறீச்சிட்டது.

“ஆரு அது அழுகறது?” பொங்கியண்ணனின் குரல்.

“ஆரும் அழுகுலீங்க. மிக்ஸி நிக்கறப்ப அப்பிடித்தான் சத்தம் வரும். நீங்க படுங்க” என்று சமையற்கட்டிலிருந்து நாச்சம்மாள் சொன்னாள்.

பூவாத்தாள் பழத்தை வைக்கோலில் வைத்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சமையற்கட்டுக்கு ஓடினாள். மிக்ஸிக்குள் பழம் அரையும் குறையுமாகக் கிடந்தது.

“கரண்டு போயிருச்சுங்களா அத்தை? குடுங்க, நான் மத்துல கடஞ்சர்றனுங்க.”

மத்தை எடுக்க நீண்ட அவள் கையை நாச்சம்மாள் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களும் சிவந்திருந்தன.

“மத்துல கடஞ்சா சத்தம் வராது கண்ணு” என்றாள் தணிந்த குரலில்.

மூலையில் சாய்த்திருந்த உலக்கையைக் கையில் எடுத்தாள்.

“நீ உள்ளே போயி அழுது முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் நான் ஒரலை இடிச்சுட்டு இருக்கறேன்.”