கறுப்புப் பாத்தி

செத்த மண் என்று சொல்லி, வரும் குளிர்காலப் பனி உருகியதும் கொல்லைக்குச் சிமெண்ட் பூசப்போவதாக இருந்தார் வீட்டுக்காரர். அந்தக் குளிர்நாட்டில் அவரிடம் வாடகைக்கு இருந்த மதலைமுத்து, கோடையில் கொல்லை மூலையில் ஒரு பாத்தி கட்டி, சாணி எரு போட்டான். இலையுதிர் காலத்தில் சருகைக் குவித்தான். பனி விழுந்த பிறகும் ஊரிலிருந்து அக்கா போனில் விடவில்லை.

"மீன்குடலும் கருப்பட்டியும் ஊறவச்சத ஊத்துனியால?"

"ஒரு முழம் பனி கெடக்குக்கா. பாக்கிறவன் சிரிப்பான்."

"குளிருன்னு நீ சோறு திங்காமலா கெடக்க? ஊத்துல."

பயந்து பயந்து ஊற்றினான்.

ஒருநாள் காலை கொல்லை முழுக்க வெள்ளை. அவன் பாத்தி மட்டும் கறுப்பாக, லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அளவு நாடாவோடு வந்த வீட்டுக்காரர் அதன்முன் நின்றுவிட்டார். பிறகு கையுறையைக் கழற்றி, மண்ணுக்குள் கையை விட்டார்.

"ஏல, அளந்துட்டாரா?" என்றாள் அக்கா போனில்.

"இல்லக்கா. விட்ட கைய வெளிய எடுக்க மாட்டேங்காரு."